எட்டாவது அறையில் விளக்கு

என் நெற்றிக்குள் யாரோ உட்கார்ந்திருப்பதாக ஸ்கேன் எடுப்பவர் சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நானும் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டேன்.

முகத்துக்குள் எட்டு அறைகள் இருக்கின்றன. கன்னங்களுக்குப் பின்னால் இரண்டு. கண்களுக்கு நடுவில் இரண்டு. அதற்கும் உள்ளே, மண்டைக்கு அடியில் இரண்டு. நெற்றியில் இரண்டு. அவற்றில் காற்று மட்டும் இருக்க வேண்டும். என்னுடையவற்றில் ஏழு அடைத்துவிட்டன. அவற்றைத் திரையில் சாம்பல் நிறத்தில் காட்டினார். எட்டாவது இடது புருவத்துக்கு மேலே இருந்தது. அது மஞ்சளாக இருந்தது.

“லைட் எரியுதுங் சார்” என்றார்.

“எல்லாருக்கும் எரியுமா?”

“ஆள் இருந்தா எரியும். உங்களுது பழைய குண்டு பல்பு. நாப்பது வாட்ஸ் இருக்கும்.”

திரைக்கு அருகில் குனிந்து பார்த்தேன். ஒரு நாற்காலி. நாற்காலியில் ஒரு முதுகு. முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

“யாருங்க அது?”

“அதெல்லாம் டாக்டரம்மா சொல்லுவாங்க. நாங்க படம் எடுக்கறதோட சரிங்.”

அவர் சட்டையில் தங்கராசு என்று பெயர் குத்தியிருந்தது. படத்தை உறையில் போட்டுக் கொடுத்தார். உறையைச் சாய்க்காமல் எடுத்துப் போகச் சொன்னார். சாய்த்தால் நாற்காலி நகருமாம்.

நாற்காலி நகரும் என்பது எனக்கு முன்பே தெரியும். குனியும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்கிறது.

*

என் மனைவியின் பெயர் சுபாஷிணி. போன ஐப்பசியில் காய்ச்சல் வந்து இறந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. மிச்சமான அழைப்பிதழ்கள் ஒரு கட்டு இன்னும் பீரோவின் மேல் இருந்தது.

அவள் போன பிறகு வாசனைகளும் போயின. முதலில் சோப்பு போயிற்று. பிறகு பெட்ரோல். பிறகு புதுத் துணிக் கட்டைப் பிரித்தால் வரும் வாசனை. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். துணியின் வாசனை போனதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. கடைசியாக சுபாவின் தலையணை வாசனை போயிற்று. அதில் தேங்காயெண்ணெயும் அவளும் இருந்தார்கள். பிறகு அது வெறும் பஞ்சாகிவிட்டது. ஆனாலும் அதில்தான் படுத்தேன்.

தலையணையின் வாசனை போன அன்று தட்டுகிற சத்தம் ஆரம்பித்தது. இடது புருவத்துக்கு மேலே, உள்பக்கமிருந்து. விரல் முட்டியால் கதவைத் தட்டுவது போல இருக்கும். எப்போது தட்டும் என்று சொல்ல முடியாது. தட்டினால் தலை வலிக்கும். மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். எழுந்து பார்த்தால் அடுப்பில் பால் தீய்ந்திருக்கும். அல்லது இஸ்திரிப் பெட்டி சட்டையில் ஓட்டை போட்டிருக்கும். தட்டலையும் தீய்வதையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

ஒருமுறை தட்டல் நிற்கவே இல்லை. இரண்டு கைகளாலும் தட்டுவது போலிருந்தது. வலி தாங்காமல் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தேன். மாடி வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. வீடு முழுக்க கேஸ். அவர் என்னைத் தாண்டி ஓடி ஜன்னல்களைத் திறந்தார். உள்ளே இருந்த உங்களுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்டார். தலைவலி என்றேன்.

அவர்தான் இந்த மருத்துவமனையைச் சொன்னார்.

*

மருத்துவமனையில் டாக்டரின் அறைக்குப் போக இரண்டு நடைவழிகள். ஒன்று திறந்திருக்கும்போது மற்றது வீங்கியிருக்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். எந்த மூக்கும் அப்படித்தான் என்று வாசலில் இருந்த காவலாளி விளக்கினார். இப்போது வலது வழி என்றார். சீக்கிரம் போய்விடச் சொன்னார்.

சுவர்கள் இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்தன. கூரையிலிருந்து சதைக் கொத்துகள் தொங்கின. தோலுரித்த திராட்சையைப் போல வெளுத்து, உள்ளே வெளிச்சம் தெரியும்படி இருந்தன. ஒரு நர்ஸ் அவற்றின் மேல் மருந்து தெளித்துக்கொண்டே முன்னால் போனாள். தெளித்த இடத்தில் கொத்துகள் கொஞ்சம் சுருங்கின. அந்த இடைவெளியில் நோயாளிகள் பக்கவாட்டில் நடந்தார்கள். எல்லோரும் வாயால் மூச்சு விட்டார்கள்.

எனக்கு முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். பருமனான ஆள். ஒரு கொத்து அவர் தோளில் இறங்கியது. அவர் நின்றுவிட்டார். சுவர் அவரை நோக்கி வந்தது.

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். “மூச்சை இழுக்காதீங்க” என்றாள்.

அவர் இழுத்துவிட்டார். பிறகு அந்த இடத்தில் சுவர் மட்டும் இருந்தது. ஒரு செருப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் அதை எடுத்து ஓரமாக வைத்தாள்.

நான் மூச்சை இழுக்காமல் நடந்தேன்.

டாக்டரின் பெயர் மரகதம். கேள்வி எதுவும் கேட்காமல் என் முன்கையில் வரிசையாகச் சொட்டுகள் வைத்தார். ஒவ்வொரு சொட்டையும் ஊசியால் குத்தினார். குத்தும்போது பெயர் சொன்னார். பஞ்சு. கரப்பான். பூஞ்சை. சீமைக்கருவேலம். தூசிப் பூச்சி. கத்தரிக்காய். எது ஒத்துக்கொள்ளவில்லையோ அது வீங்கும் என்றார்.

பஞ்சு வீங்கும் என்று நினைத்தேன். தினமும் பஞ்சுத் தூசியில்தான் வேலை செய்கிறேன். அது வீங்கவில்லை. தூசிப் பூச்சி வைத்த இடம் மட்டும் எழும்பியது. முதலில் கொசுக்கடி அளவு. பிறகு ஓரம் மடிந்தது. நடுவில் குழி விழுந்தது. ஒரு சின்னக் காதின் வடிவத்துக்கு வந்ததும் நின்றது.

டாக்டர் அந்தக் காதின் பக்கம் குனிந்தார். “கேக்குதுங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

என் நெற்றிக்குள் நாற்காலி நகர்ந்தது.

“நல்லாவே கேக்குது” என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

தூசிப் பூச்சி கண்ணுக்குத் தெரியாது என்றார். போர்வையிலும் தலையணையிலும் இருக்கும். மனிதர்கள் உதிர்க்கிற தோலைத் தின்று உயிர் வாழும். அது மூக்கில் ஏறினால் சிலருக்கு உள்ளே சதை வளரும். சதை வளர்ந்தால் கதவுகள் அடைத்துக்கொள்ளும். பிறகு நான் படுக்கிற தலையணை யாருடையது என்று கேட்டார்.

“என் மனைவியோடது.”

“அவங்க?”

“இல்லைங்க.”

“அப்ப அது அவங்களைத் தின்ன பூச்சி” என்றார். “உங்களுக்கு அவங்கதான் ஒத்துக்கலை.”

கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைப் போலத்தான் அதைச் சொன்னார். தலையணையை வெந்நீரில் முக்கி வெயிலில் போடச் சொன்னார். ஏழு அறைகளை மருந்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். எட்டாவதைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும்.

“தட்டுறாங்களா?”

“தட்டினா?”

“தட்டினா காலி பண்ணிடுவோம். சத்தமில்லாம இருந்தா நாங்க போய்த் தொந்தரவு பண்றதில்லைங்க. நிறைய பேர் முகத்துல ஆள் இருக்கு. சாகற வரைக்கும் தெரியாமலே போயிடும்.”

நான் யோசித்தேன். யோசிக்க அதிகம் இல்லை.

“தட்டுறாங்க” என்றேன்.

டாக்டர் தலையாட்டினார். வியாழக்கிழமை என் மனைவிக்கு வருஷத் திதி என்று சொன்னேன். அப்படியானால் வெள்ளிக்கிழமை காலை வெறும் வயிற்றில் வரச் சொன்னார். நான் எழுந்தேன். அவர் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவங்க எங்க போவாங்கன்னு கேக்கலீங்களா? சில பேர் கேப்பாங்க.”

நான் கேட்கவில்லை. வலது வழி அடைக்க ஆரம்பித்திருந்தது.

*

புதன்கிழமை என் மாமியார் ருக்மணி காங்கேயத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். பித்தளை உருளி, நெய், துவரம் பருப்பு, வாழையிலைக் கட்டு எல்லாம் கொண்டுவந்தார். வீட்டுக்குள் நுழையும்போது இரண்டு முறை பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருந்தது. கூடம் கொஞ்ச நாளாகக் குறுகி வருகிறது. அவர் சுவரை முழங்கையால் தள்ளிப் பார்த்தார். சுவர் ஈரமாக இருக்கிறது, வெள்ளையடிக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டார்.

முதல் வருஷப் படையலை உயிரோடு இருக்கிற புருஷனோ பெண்டாட்டியோதான் சமைக்க வேண்டும். அது அவர்கள் குடும்ப வழக்கம். சுபாவுக்குப் பிடித்தது அரிசியும் பருப்பும் சாதம். அதில் எனக்குக் கஷ்டம் இல்லை. அவள் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் படையலை யாரும் ருசி பார்க்கக் கூடாது. உப்பு, காரம், வேக்காடு எல்லாவற்றையும் சமைக்கிறவர் மோந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். வாசம்தான் போனவர்களுக்குப் போய்ச் சேரும். வாசம் சரியில்லையென்றால் அவள் வரமாட்டாள். அடுத்த வருஷம் வரைக்கும் பட்டினி கிடப்பாள். மாமியார் இதையெல்லாம் பூண்டு உரித்துக்கொண்டே சொன்னார்.

எனக்கு மூக்கில் வாசனை தெரியாது என்று சொன்னேன்.

“தெரியாதுன்னா என்னுங் மாப்ள அர்த்தம்? மூஞ்சில அழகுக்கா வெச்சிருக்கறீங்க?”

“நீங்க மோந்து பாருங்க அத்தை.”

“நான் மோந்தா ஆகாதுங். தாலி கட்டுனது நீங்க. மூக்கும் உங்களுதுதான் வேணும்.”

“ஒரு பருக்கை வாயில போட்டுப் பார்த்தா என்ன?”

அவர் பூண்டை உரிப்பதை நிறுத்தினார். அப்படிச் செய்தால் அது ருசி பார்த்தவருடைய படையலாகிவிடும் என்றார். செத்தவர் இடத்துக்குப் பார்த்தவர் போக வேண்டும். பார்த்தவர் இடத்துக்குச் செத்தவர் வந்துவிடுவார். காங்கேயத்தில் அவருடைய பெரிய மாமனார் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று.

“பெரிய மாமனார் உப்புப் பார்த்தாருங். வெரல் நுனிதான். இப்ப அவரு சம்சாரம் நல்லா இருக்கறாங்க. போன வாரம்கூட சந்தைல பார்த்தேன். வெங்காயம் வெல ஏறிப் போச்சுன்னாங்க.”

“அவரு?”

“அவரு போட்டோ வீட்டுல இருக்குதுங்” என்று சொல்லிவிட்டு அடுத்த பூண்டை எடுத்தார்.

அன்று மத்தியானம் டாக்டர் சொன்னபடி வெந்நீர் போட்டேன். தண்ணீர் கொதித்தது. தலையணையை எடுத்து வந்தேன். கையில் அது வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. வாளிக்கு மேலே பிடித்தேன். நெற்றிக்குள் நாற்காலி நகர்ந்தது. தட்டவில்லை. யாரோ எழுந்து நின்றதைப் போல மட்டும் இருந்தது. நான் அப்படியே நின்றேன். உள்ளே இருந்தவரும் நின்றார். தண்ணீர் ஆறும் வரை இருவரும் நின்றோம். பிறகு தலையணையைக் கட்டிலில் கொண்டுபோய் வைத்தேன்.

உள்ளே இருப்பவர் யாராக இருக்கும் என்று அதுவரை நான் பயந்தது கிடையாது.

*

வியாழக்கிழமை காலை கூடத்திலிருந்து சமையலறைக்கு நடக்க வெகு நேரம் ஆயிற்று. கூடம் குறுகியதோடு நீண்டும் இருந்தது. மாமியார் சுபாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டு உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்தபோது அவர் பஸ்ஸின் கடைசி இருக்கையில் இருப்பதைப் போலத் தெரிந்தார். அங்கிருந்தே வெங்காயத்தை முதலில் போடாமல் சீரகத்தை முதலில் போடச் சொன்னார்.

உருளியில் நெய் ஊற்றினேன். சீரகம் பொரிந்தது. சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டேன். கண்ணால் பார்த்துக்கொண்டேன். வெங்காயம் சிவந்தது. தக்காளி போட்டேன். மஞ்சள்தூள் போட்டேன். அரிசியையும் பருப்பையும் களைந்து போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். மூடினேன். உப்புப் போட்டேனா என்று யோசித்தேன். தெரியவில்லை. ஒரு கை போட்டது நினைவில் இருந்தது. அது மஞ்சளாக இருக்கலாம்.

மூடியைத் திறந்து முகத்தை நீட்டினேன். ஆவி சுட்டது. அவ்வளவுதான். முகத்தில் சூடு இருந்தது, வாசனை இல்லை. சுவரைப் பார்த்து மோந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

“ஆச்சுங்களா?” என்று மாமியாரின் குரல் வந்தது. தூரத்திலிருந்து வந்தது.

அப்போது தட்டியது.

மூன்று முறை, இடது புருவத்துக்கு மேலே. வழக்கமாக மாத்திரையைத் தேடியிருப்பேன். மாத்திரை கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தது. போக நேரமில்லை. அதனால் நின்ற இடத்திலேயே நின்று உருளியைப் பார்த்தேன். கரண்டியை விட்டுக் கிளறினேன். அடியில் சோறு பிடிக்க ஆரம்பித்திருந்தது.

தீயைக் குறைத்தேன். தட்டல் நின்றது.

தீயைக் கூட்டினேன். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி தட்டியது. குறைத்தேன். நின்றது.

நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பாலை நினைத்துப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியை நினைத்துப் பார்த்தேன். கேஸை நினைத்துப் பார்த்தேன். உள்ளே இருப்பவருக்கு வாசனை தெரிகிறது. இந்த வீட்டில் சுபாவுக்குத்தான் வாசனை நன்றாகத் தெரியும். பக்கத்துத் தெருவில் பலா வெட்டினால் சொல்லிவிடுவாள்.

நாளை வெள்ளிக்கிழமை. வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். தட்டுறாங்க என்று சொன்னவன் நான்தான்.

“சுபா” என்றேன். “உப்பு சரியா இருக்கா?”

உப்புக்கு வாசனை கிடையாது. அளவு சரியா என்பது அவளுக்கும் தெரியாது.

“மாப்ள, ஆச்சுங்களா? நேரமாகுதுங்.”

கரண்டியின் ஓரத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தேன். யாராவது வந்து தடுப்பார்கள் என்று சற்று நேரம் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. எடுத்து வாயில் போட்டேன்.

உப்பு சரியாக இருந்தது.

*

உருளியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். இலைக்கு முன்னால் இருந்த படத்தில் நான் இருந்தேன். ஆதார் அட்டைக்கு எடுத்த படம். மாமியார் அதற்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, அது நானுங்க.”

அவர் திரும்பவில்லை. குங்குமத்தைத் தொட்டுச் சந்தனத்தின் நடுவில் வைத்தார். “இருக்கற வரைக்கும் ஒரு சத்தம் போட்டுப் பேசுன புள்ளை இல்லை” என்றார். எனக்குப் பின்னால் இருந்த யாரிடமோ சொன்னார்.

என் தலைவலி நின்றிருந்தது. நெற்றி லேசாக இருந்தது. அங்கே யாரும் இல்லை.

சுபா சமையலறை வாசலில் நின்றாள். தலைக்குக் குளித்திருந்தாள். கையில் உருளி இருந்தது. என் கையைப் பார்த்தேன். என் கையில் உருளி இல்லை. அவள் என் வழியாகத்தான் நடந்து போனாள். இலைக்கு முன்னால் உட்கார்ந்து சாதத்தைப் பரிமாறினாள். பரிமாறும்போது அடிப்பிடித்த பகுதியைச் சுரண்டி ஓரத்தில் வைத்தாள். அது அவளுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. கல்யாணமானதிலிருந்து எனக்கும் பிடிக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு வாசமே தெரியலீம்மா” என்றாள்.

“அழுதுட்டே இருந்தா அப்படித்தான் கண்ணு இருக்கும்.”

“சுபா” என்று கூப்பிட்டேன்.

அவள் இடது புருவத்தைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டாள்.

கூடம் என் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தது. சுவர்கள் சிவந்தன. கூரையிலிருந்து வெளுத்த கொத்துகள் இறங்கின. ஒன்று என் தோளைத் தொட்டது. நான் பக்கவாட்டில் திரும்பினேன். மூச்சை இழுக்கவில்லை. நடக்க ஒரு வழிதான் இருந்தது. நடந்தேன். முடிவில் தாழ்வான ஒரு வாசல். குனிந்து போனேன். பின்னால் வாசல் மூடிக்கொண்டது.

சின்ன அறை. ஒரு நாற்காலி. குண்டு பல்பு. நாற்காலியில் தலையணை. தொட்டுப் பார்த்தேன். நாற்காலி இன்னும் சூடாக இருந்தது.

வாசனை வந்தது. முதலில் தலையணை வந்தது. தேங்காயெண்ணெயும் அவளும். பிறகு துணி. பிறகு பெட்ரோல், சோப்பு. எல்லாம் ஒரே நேரத்தில் வந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டேன். வெளியே நெய்யும் பூண்டும் மணந்தன. நான் சமைத்தது நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

விளக்கை அணைக்க சுவிட்சைத் தேடினேன். சுவர் முழுக்கத் தடவினேன். சுவிட்ச் இல்லை.

*

சுவருக்கு வெளியே நடப்பது இங்கே கேட்கிறது. அடைத்த காதில் கேட்பதைப் போல இருக்கும்.

மாமியார் ஊருக்குப் போனார். சுபா என் கம்பெனியிலிருந்து என் பொருள்களை வாங்கி வந்தாள். அவளுக்கு மூக்கடைப்பு இருந்தது. காலையில் தொடர்ந்து தும்மினாள். தும்மும்போது நாற்காலியோடு நானும் சுவரில் மோதினேன். என் சட்டை ஒன்றைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தூங்கினாள். அது எனக்கு வாசனையில் தெரிந்தது. துவைக்காத சட்டை.

ஒரு நாள் தங்கராசுவின் குரல் கேட்டது.

“லைட் எரியுதுங் மேடம்.”

நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். முதுகு மட்டும் தெரியட்டும். சுபாவும் ஏன் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று அப்போது புரிந்தது. உள்ளே இருப்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டால் யாராலும் தூங்க முடியாது.

பிறகு டாக்டர் மரகதத்தின் குரல். தூசிப் பூச்சி என்றார். சட்டை யாருடையது என்றார். உங்களுக்கு அவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். கடைசியாக அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“தட்டுறாங்களா?”

நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

“இல்லைங்க” என்றாள் சுபா. “குனிஞ்சா நாற்காலி இழுக்கற மாதிரி இருக்கு. அவ்வளவுதாங்க.”

“அப்ப இருந்துட்டுப் போகட்டும். தட்டினா மட்டும் சொல்லுங்க.”

அதன் பிறகு நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். எனக்கு அது வரும். பால் தீய்ந்த வாசனை வந்தபோது உட்கார்ந்திருந்தேன். அவள் பாத்திரத்தைத் தேய்த்தாள். இஸ்திரிப் பெட்டியின் வாசனை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். அவளுடைய புடவை ஒன்று போயிற்று. புடவை போனால் போகட்டும். தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். அவள் தூங்கும்போது மூச்சு வாயால் போய் வரும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கடைசி வரைக்கும் தெரியாமலே போய்விடும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

இன்று காலை பால் வைத்தாள். வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள். பால் பொங்கும் வாசனை வந்தது. பிறகு அது நின்றது. அதன் இடத்தில் வேறொரு வாசனை மெதுவாக வந்தது. அழுகிய முட்டைக்கோஸைப் போல இருந்தது. அது தரையோடு வந்தது. பிறகு உயர்ந்தது.

அவள் திரும்பி உள்ளே வந்தாள். கூடத்தில் நின்றாள். நான் எழுந்து நின்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. என் படத்துக்கு முன்னால் போனாள். தினமும் அந்த நேரத்தில்தான் அதற்கு ஊதுபத்தி கொளுத்துவாள். பத்தியின் வாசனை அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பாள். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பத்திக் கூட்டை எடுத்தாள். தீப்பெட்டியை எடுத்தாள். குலுக்கிப் பார்த்தாள். குச்சிகள் இருந்தன.

என் கைகளைப் பார்த்தேன்.

தட்டினேன்.

அவள் நின்றாள். தீப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு கைகளாலும் தட்டினேன். நாற்காலியை எடுத்துச் சுவரில் அடித்தேன். தலையால் முட்டினேன். அவள் முனகிக்கொண்டு கீழே குந்தினாள். நானும் அறையோடு சாய்ந்தேன். விடாமல் தட்டினேன். தீப்பெட்டி தரையில் விழுந்தது. குச்சிகள் சிதறின. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கதவைத் திறந்து, வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

மாடி வீட்டுக்காரர் இறங்கி ஓடிவரும் சத்தம் கேட்டது. ஜன்னல்கள் திறந்தன. எப்படி உங்களுக்குத் தெரியவில்லை என்று அவளைக் கேட்டார். தலைவலி என்றாள்.

வாசனை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நான் நாற்காலியை நிமிர்த்திப் போட்டேன். அதன் ஒரு கால் ஒடிந்திருந்தது. நின்றுகொண்டே இருந்தேன்.

அவள் படியிலிருந்தே மருத்துவமனைக்குப் போன் செய்தாள்.

“தட்டுறாங்க” என்றாள்.

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருப்பார்கள். வெறும் வயிறு என்று சொல்லியிருப்பார்கள். சரிங்க, சரிங்க என்றாள். பிறகும் போனை வைக்கவில்லை.

“அவங்க எங்கங்க போவாங்க?” என்று கேட்டாள்.

நான் சுவரில் காதை வைத்தேன்.

பதில் நீளமாக இருந்தது. எனக்குக் கேட்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள். சுவர் என் பக்கம் வந்தது.

நான் மூச்சை இழுக்காமல் நின்றேன்.